மருத்துவமனை நோயாளிகளில் லெஜியோனெல்லா நுரையீரல் அழற்சியைக் கண்டறிதல்

லெஜியோனெல்லா நுரையீரல் அழற்சி என்பது லெஜியோனெல்லா பேரினத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்களால், பெரும்பாலும் லெஜியோனெல்லா நியூமோபிலாவால், ஏற்படும் கடுமையான நோயாகும். நீரில் வாழும் இப்பாக்டீரியாக்கள் நுண்துளிகளாகக் காற்றில் கலந்து மூச்சுடன் உட்செல்கின்றன. புரையேறும் நீர் வழியாகவும் நுரையீரலை அடையலாம். மருத்துவமனைகளில் முதியோரும், உறுப்பு மாற்றம் பெற்றோர் போன்ற எதிர்ப்பாற்றல் குறைந்தோருமே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர்.

வரலாறு

1976 சூலையில் ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதியொன்றில் அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாள் படைவீரர் அமைப்பின் மாநாடு நடைபெற்றது. அதனையொட்டி 221 பேர் நோயுற்றனர். 34 பேர் இறந்தனர். வழக்கமான சோதனைகளில் நோய்க்காரணி அகப்படவில்லை. 1977 சனவரியில்தான் ஜோசப் மெக்டேட், சார்லசு செப்பர்டு ஆகியோர் அதனைக் கண்டறிந்தனர். 1965இல் வாசிங்டனின் செயின்ட் எலிசபெத்சு மருத்துவமனையில் 81 பேரைத் தாக்கிய நுரையீரல் அழற்சியும் இதுவே என்பது, சேமித்து வைத்திருந்த குருதிநீரைப் பின்னர் சோதித்தபோது தெரியவந்தது. மருத்துவமனைக்குள்ளேயே பரவிய நோய், பத்தாண்டுகளுக்கு மேலாகப் பெயரின்றி இருந்திருக்கிறது.

நோயறிதல்

காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுடன் வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், குருதியில் சோடியம் குறைதல் ஆகியன காணப்பட்டால் இந்நோயை ஐயுறலாம். எனினும் அறிகுறிகளையோ ஊடுகதிர்ப் படத்தையோ மட்டும் கொண்டு இதனைப் பிற நுரையீரல் அழற்சிகளிலிருந்து பிரித்தறிய இயலாது. மருத்துவர் தனியாகக் கேட்டாலன்றி ஆய்வுகூடமும் இதனைக் காணாது. ஏனெனில் இப்பாக்டீரியா கிராம் சாயத்தை நன்கு ஏற்பதில்லை. பொதுவான வளர்ப்பூடகங்களில் வளர்வதுமில்லை. இதற்குக் கரியும் ஈசுட்டுச் சாறும் கலந்து, சிஸ்டீனும் இரும்பும் சேர்த்த ஊடகம் தேவை. அதிலும் வளர்ச்சி தென்படப் பொதுவாக 3 முதல் 5 நாட்களாகும். சீழணுக்கள் குறைந்த சளியை ஆய்வுகூடங்கள் வெறும் எச்சில் எனத் தள்ளிவிடுவதுண்டு. இந்நோயாளிகளின் சளி பலவேளைகளில் அப்படித்தான் இருக்கும் என்பதால் அவ்விதியை இங்கு கைக்கொள்ளலாகாது.

சிறுநீரில் பாக்டீரியாவின் பிறபொருளெதிரியாக்கியைத் தேடும் சோதனை எளிது. விரைவில் முடிவு தரும். ஆனால் பரவலாக உள்ள சோதனைகள் லெஜியோனெல்லா நியூமோபிலாவின் முதலாம் குருதிநீர்க் குழுவையே முதன்மையாகக் காட்டுகின்றன. மருத்துவமனையில் தொற்றுவோரிடம் பிற குழுக்களும் பிற இனங்களும் கூடுதலாகக் காணப்படுவதால், இங்கு எதிர்மறை முடிவு நோயில்லை என்று பொருள்படாது. குணமடைந்து சில வாரங்கள் வரையும் சோதனை நேர்மறையாக இருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. எனவே சிறுநீர்ச் சோதனையுடன், சளியில் வளர்ப்போ பாலிமரேசு தொடர்வினைச் சோதனையோ செய்தல் வேண்டும். குருதியில் பிறபொருளெதிரிகள் நான்கு மடங்கு உயர்வதைக் காட்டும் முறைக்குப் பல வாரங்கள் தேவை. ஆகவே அது நோயாளிக்குப் பயன்படுவதைவிடப் பின்னாளைய ஆய்வுக்கே பயன்படும்.

முடிவு வரும்வரை மருத்துவத்தைத் தள்ளிப்போடலாகாது. இப்பாக்டீரியா உயிரணுக்களுக்குள் வாழ்வதால் பெனிசிலின் வகை மருந்துகள் பலனளிப்பதில்லை. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவை தேவை.

தொற்றின் மூலம்

நோய் பொதுவாகத் தொற்றிய 2 முதல் 14 நாட்களுக்குள் வெளிப்படும். நோய் தொடங்குமுன் 10 நாட்களோ அதற்கு மேலோ தொடர்ந்து மருத்துவமனையில் இருந்தவருக்குத் தொற்று அங்கேயே ஏற்பட்டதெனக் கொள்ளப்படும். அத்தகைய ஒரே நோயாளி கண்டறியப்பட்டாலும் கட்டடத்தின் குழாய்களிலும் நீர்த்தூவிகளிலும் இருந்து நீர் எடுத்துச் சோதிக்கப்படுகிறது. நோயாளியின் சளியில் வளர்ந்த பாக்டீரியாவையும் நீரில் வளர்ந்ததையும் மரபணு முறையில் ஒப்பிட்டு மூலத்தை உறுதிசெய்வர். சிறுநீர்ச் சோதனையோடு நின்றுவிட்டால் ஒப்பிடுவதற்குப் பாக்டீரியா கையில் இராது.