மாதுளை முத்துகளில் முதுமைக்கு மருந்து உண்டா?



எங்கள் பள்ளிவாசலில் பல்லாண்டுகளாக முதல் வரிசையில் நின்று தொழுதுவந்த பெரியவர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் வரிசையின் ஓரத்திலிருந்த நாற்காலிக்கு மாறினார். எலும்பு முறிவோ வாத நோயோ அவருக்கு இல்லை. ஸுஜூதிலிருந்து எழும்போது கால்கள் வலுவின்றித் தளர்ந்தன, அவ்வளவுதான்.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அவர் என்னை அருகில் அழைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்துக் காட்டினார். வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகன் வாங்கி அனுப்பியதாம். “ஹஜ்ரத், இது மாதுளம்பழச் சத்தாம். தசைக்கு வலு வருமாம், வயதே குறையுமாம். குர்ஆனில் வந்திருக்கிற கனிதானே, நம்பிச் சாப்பிடலாமா? நெற்றியைத் தரையில் வைத்துத் தொழ இன்னும் சில வருடம் கிடைத்தால் எனக்குப் போதும்” என்றார்.

நான் மருத்துவன் அல்லன். கலைப் படிப்பு முடித்து மதரஸாவில் பாடம் நடத்துபவன். ஆகவே அவரிடம் அவகாசம் கேட்டுக்கொண்டு, ஆய்வுகள் கூறுவதைத் தேடிப் படித்தேன். புரியாத இடங்களை மருத்துவ நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தேன். அவ்வாறு அறிந்தவற்றையே தங்கள் முன் வைக்கிறேன்.

கனியில் இல்லாத பொருள்

அந்தப் புட்டியில் இருந்த பொருளின் பெயர் யூரோலித்தின் ஏ. வியப்பு என்னவெனில், இப்பொருள் மாதுளம்பழத்தில் இல்லை! மாதுளையில் இருப்பவை எல்லஜிடானின்கள் எனப்படும் துவர்ப்புப் பொருட்கள். அவற்றுள் முதன்மையானது பியூனிகலாஜின். அது முத்துகளைவிடத் தோலிலும், முத்துகளைப் பொதிந்து வைத்திருக்கும் வெண்ணிறச் சவ்விலும் மிகுதியாக உள்ளது. அக்ரூட் பருப்பிலும் ஸ்ட்ராபெரியிலும் எல்லஜிடானின்கள் உண்டு. நம் பாட்டிமார்கள் கைவைத்தியத்திற்கு எடுத்து வைத்த கடுக்காயின் துவர்ப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே.

நாம் உண்ணும் எல்லஜிடானின்கள் குடலில் எல்லஜிக் அமிலமாகச் சிதைகின்றன. அதில் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமல் குடலின் கடைப்பகுதியைச் சென்றடைகிறது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதனைப் படிப்படியாக மாற்றியமைத்து, யூரோலித்தின்களாக்கி உடலுக்கு வழங்குகின்றன. கனி தருவது கச்சாப் பொருள். அதனைப் பக்குவம் செய்யும் சமையற்கூடம் நம் குடலிலேயே இருக்கிறது.

ஆனால் அந்தச் சமையற்கூடம் எல்லோரிடமும் ஒரே விதமாக இல்லை. ஸ்பெயின் நாட்டின் முர்சியா நகர ஆய்வாளர்கள், யூரோலித்தின் ஏ-யை உண்டாக்குவோர், வேறு வகை யூரோலித்தின்களையும் சேர்த்து உண்டாக்குவோர், எதனையும் உண்டாக்க இயலாதோர் என மனிதர்களை மூவகையாகப் பிரித்துக் காட்டினர். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 100 பேருக்கு மாதுளைச் சாறு கொடுத்து இரத்தத்தைச் சோதித்தனர். ஏறத்தாழ 40 விழுக்காட்டினரின் உடலே அதனைக் குறிப்பிடத்தக்க அளவில் யூரோலித்தின் ஏ-யாக மாற்றியது. மாத்திரை வடிவில் நேரடியாக அப்பொருளையே கொடுக்கும் எண்ணம் பிறந்ததற்கு இதுவே காரணம்.

உயிரணுவின் உள்ளே நடப்பது

இப்பொருளுக்கு ஏன் இத்தனை மதிப்பு? நம் உடலின் ஒவ்வொரு தசைச் செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் ஏராளமாக உள்ளன. உணவையும் உயிர்க்காற்றையும் கொண்டு ஆற்றலை உண்டாக்குபவை இவைதாம். உழைத்துத் தேய்ந்தவற்றை அப்புறப்படுத்திப் புதியவற்றுக்கு இடமளிக்கும் ஏற்பாடும் செல்லுக்குள்ளேயே அமைந்துள்ளது. செல் தன் கழிவைத் தானே உண்டு புதுப்பித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தைக் கண்டறிந்ததற்காகவே, ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வயது ஏற ஏற இத்துப்புரவுப் பணி மந்தமடைகிறது. பழுதான மைட்டோகாண்ட்ரியாக்கள் தேங்குகின்றன. தசை மெலிவதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. முப்பது வயதைக் கடந்தபின் ஒவ்வொரு பத்தாண்டிலும் 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறையக்கூடும் என்றும், அறுபதுக்குப் பின் அது விரைவுபடும் என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. நம் பெரியவரின் கால்கள் தளர்ந்ததில் வியப்பில்லை.

யூரோலித்தின் ஏ இந்தத் துப்புரவுப் பணியைத் தூண்டுகிறது என்று சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்து விஞ்ஞானிகள் 2016-இல் வெளியிட்டனர். அதனை உட்கொண்ட நுண்புழுக்கள் 45 விழுக்காடு கூடுதலாக வாழ்ந்தன. சுமார் இரண்டு வயதான கிழட்டு எலிகள், அதனை உண்ணாத எலிகளைவிட 42 விழுக்காடு கூடுதல் தாக்குப்பிடிப்போடு ஓடின. “மாதுளையில் இளமை இரகசியம்!” என்ற செய்தி உலகெங்கும் பரவியது.

மனிதர்களிடம் கண்டது என்ன?

புழுவும் எலியும் வேறு. மனிதன் வேறு அல்லவா? 2019-இல் வெளியான முதல் மனித ஆய்வில், உடலுழைப்புக் குறைந்த முதியவர்களுக்கு 28 நாட்கள் இப்பொருள் கொடுக்கப்பட்டது. தீங்கு எதுவும் காணப்படவில்லை. மைட்டோகாண்ட்ரியா நலமடைவதற்கான அறிகுறிகளும் தென்பட்டன.

2022-இல் அமெரிக்காவில் 65 முதல் 90 வயது வரையுள்ள 66 பேரிடம் நடந்த சோதனையே நம் பெரியவருக்கு மிகவும் பொருந்துவது. ஒரு சாரார் நான்கு மாதங்கள் நாள்தோறும் 1,000 மில்லிகிராம் யூரோலித்தின் ஏ உட்கொண்டனர். மற்றவர்களுக்கு மருந்தில்லாப் போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. மருந்துண்டவர்களின் கை, கால் தசைகள் இரண்டாம் மாதத்தில் கூடுதல் நேரம் சோர்வின்றி இயங்கின. இது நற்செய்தியே. ஆனால் சோதனையின் முதன்மைக் கேள்வி வேறு: ஆறு நிமிடத்தில் எத்தனை தூரம் நடக்கிறார்கள்? மருந்துண்டவர்கள் முன்பைவிடச் சராசரியாக 60 மீட்டர் கூடுதலாக நடந்தனர். போலி மாத்திரை உண்டவர்களும் 42 மீட்டர் கூடுதலாக நடந்தனர்! இந்த வேறுபாடு மருந்தினால்தான் நேர்ந்தது என்று உறுதியாகக் கூற இயலாது என்பதே ஆய்வாளர்கள் கண்ட முடிவு. இச்சோதனைகளுக்குப் பொருளுதவி செய்தது இப்பொருளைத் தயாரிக்கும் நிறுவனமே என்பதையும் நினைவிற் கொள்க.

நீண்ட ஆயுளையோ, பத்து இருபது ஆண்டுகளுக்குப் பின் கிட்டும் நலனையோ நான்கு மாதச் சோதனை ஒன்று எவ்வாறு மெய்ப்பிக்கும்? ஆகவே இன்றைய நிலையில் இதனை நம்பிக்கையூட்டும் ஆராய்ச்சி என்று சொல்லலாம். முதுமையை வென்ற மருந்து என்று சொல்லலாகாது.

கனியின் பெயரால் வாணிபம்

மாதுளையின் பெயரால் மிகைப்படுத்திப் பேசுவது புதிதன்று. அமெரிக்காவில் பாம் வொண்டர்ஃபுல் என்னும் நிறுவனம், தன் மாதுளைச் சாறு இதய நோயையும் புராஸ்டேட் புற்றுநோயையும் தடுக்கும் என விளம்பரம் செய்தது. அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2010-இல் நடவடிக்கை தொடங்கி, அவ்விளம்பரங்கள் மக்களை ஏய்ப்பவை என 2013-இல் தீர்மானித்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்நிறுவனம் ஏய்ப்பு விளம்பரம் செய்தது உண்மையே என்று உறுதிசெய்தது. பழம் நல்லதுதான், அதன் பெயரால் சொல்லப்பட்டவை மெய்ப்பிக்கப்படாதவை.

இங்கு நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. திருக்குர்ஆனில் ‘அல்அன்ஆம்’ அத்தியாயத்தின் 99, 141 ஆம் வசனங்களிலும், ‘அர்ரஹ்மான்’ அத்தியாயத்தின் 68 ஆம் வசனத்திலும் மாதுளை இடம்பெற்றுள்ளது. இறைவனின் அருட்கொடையாக, சிந்திப்போருக்குச் சான்றாக, சுவனத்தின் கனியாக அது சுட்டப்படுகிறது. அதனை ஒரு மாத்திரைப் புட்டிக்கு நற்சான்றிதழாக ஒட்டுவது முறையாகுமா? 141 ஆம் வசனம் கனிகளை உண்ணச் சொல்வதோடு நிற்கவில்லை. விளைச்சலில் ஏழைக்குரிய பங்கைக் கொடுக்கவும் வீண்விரயத்தைத் தவிர்க்கவும் கட்டளையிடுகிறது. பிள்ளைகள் வியர்வை சிந்தி அனுப்பும் பணத்தைச் செலவிடுகையில் அது நம் நினைவில் நிற்க வேண்டும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

மாதுளையைப் பழமாகவே உண்ணுங்கள். 100 கிராம் முத்துகளில் ஏறத்தாழ 4 கிராம் நார்ச்சத்து உண்டு. சாற்றை வடிகட்டினால் அதில் பெரும்பகுதி போய்விடும். அதே 100 கிராமில் சுமார் 14 கிராம் சர்க்கரையும் உள்ளதால், நீரிழிவுக்காரர்கள் அளவறிந்து உண்பது நலம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர், மாதுளைச் சாற்றையோ மாத்திரையையோ வழக்கமாக்கிக்கொள்ளும் முன் மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும். எக்காரணத்தைக் கொண்டும், நடப்பு மருந்தை நிறுத்திவிட்டு இதனை நாடாதீர்கள்.

குடலின் நுண்ணுயிர்கள் செழிக்கக் கீரை, காய்கறி, பருப்பு, தயிர் ஆகியன நாள்தோறும் தட்டில் இருக்கட்டும். தசைக்குப் புரதம் தேவை. வயதானவர்களுக்குக் கஞ்சியும் ரொட்டியும் போதுமென விட்டுவிடாமல் முட்டை, மீன், பயறு கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களை நடக்கச் செய்யுங்கள். நாற்காலியில் அமர்ந்து, கையூன்றாமல் எழுந்து, மீண்டும் அமரும் எளிய பயிற்சியைத் துணைக்கு ஒருவர் நிற்கச் செய்வியுங்கள். முதுமையிலும் தசை வலுப்பெறும் என்பதற்கு இத்தகைய பயிற்சியே நெடுநாள் சான்று பெற்ற வழி.

இவற்றையெல்லாம் அந்தப் பெரியவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் புட்டியை எடுத்துக்கொண்டு தம் மருத்துவரிடம் சென்றார். இதயத்திற்காக அவர் உண்டுவரும் மருந்துகளைப் பார்த்த மருத்துவர், இப்போதைக்கு அது வேண்டாமென்று கூறி, கால்களுக்குரிய பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தாராம். இன்றும் அவர் நாற்காலியில் அமர்ந்துதான் தொழுகிறார். ஆனால் ஃபஜ்ருக்கு மகனின் நண்பர் வண்டியில் அழைத்து வந்த காலம் போய், பேரனின் தோளைப் பற்றியபடி நடந்தே வருகிறார். மாலையில் பேரப்பிள்ளைகளைச் சுற்றி அமரவைத்து, ஒரு மாதுளையை உடைத்துப் பங்கிடுகிறாராம்.

“நெற்றி தரையில் படும் நாள் வரும் ஹஜ்ரத்” என்று சென்ற வாரம் சொன்னார். இன்ஷா அல்லாஹ் என்றேன்.