காலக் காவலர்: கடமையும் வாழ்வும்

1. முன்னுரை

காலப் பயணத்தைப் பொருளாகக் கொண்ட அறிவியல் புனைகதைகளில், காலத்தின் ஒழுங்கைப் பேணும் பணியாளர் தனியொரு மாந்தர் வகையாக உருப்பெற்றுள்ளனர். இவர்தம் கடமையையும் பணிவாழ்வையும் அமெரிக்க எழுத்தாளர் இருவரின் படைப்புகள் வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இருவகைக் கடமை

1955ஆம் ஆண்டில் போல் ஆண்டர்சனின் ‘காலக் காவற்படை’ என்னும் கதையும் ஐசக் அசிமோவின் ‘நித்தியத்தின் முடிவு’ என்னும் புதினமும் வெளிவந்தன. முன்னதில் வரலாற்றை உள்ளவாறே காத்தல் கடமை; பின்னதில் மக்கள் நலம் கருதி வரலாற்றைத் திருத்துதல் கடமை. அசிமோவின் அமைப்பில் நோக்குநர், சமூகவியலார், கணிப்பாளர், செயல்நுட்பர் எனப் பணிப்பகுப்பு உண்டு. மாற்றத்தைத் தம் கையால் நிகழ்த்தும் செயல்நுட்பரை உடன்பணியாற்றுவோரே ஒதுக்கி வைக்கின்றனர். முடிவு அனைவருக்கும் பொதுவாயினும் பழி ஒருவர்மேல் ஏற்றப்படுவதை இது காட்டுகிறது.

3. மொழி

ஆண்டர்சனின் காவலர் பல நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர். ஆதலின் தம்முள் பேசச் செயற்கை மொழியொன்றைப் பயில்கின்றனர். இதன் தேவை வெளிப்படை. ‘டெலெண்டா எஸ்ட்’ கதையில் காவலர் எவரார்டு கி.மு. 218இல் நிகழ்ந்த போர்க்களத்திற்குச் செல்ல நேர்கிறது. அச்செலவு அவர்க்கு எதிர்வு, உலகிற்கோ இறப்பு. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் முக்காலப் பகுப்பு இங்குப் போதாமை காண்க.

4. கடமையின் விலை

அக்கதையில் கார்த்தேசு உரோமை வென்றதனால் வேறோர் உலகம் தோன்றிவிடுகிறது. பழைய வரலாற்றை மீட்பின், அவ்வுலக மக்கள் அனைவரும் இல்லாதவராவர். அவர்கள் குற்றமற்றவர் என்பதை அறிந்தே எவரார்டு கடமையைச் செய்கிறார்.

1983இல் வெளிவந்த ‘கோத்தியர் ஓடினின் துயரம்’ இன்னும் நுட்பமானது. செர்மானிய இலக்கிய அறிஞர் ஒருவர் வாய்மொழிப் பாடலொன்றின் மூலத்தை நாடி நான்காம் நூற்றாண்டிற்குச் செல்கிறார்; அங்கு மணந்து, வழித்தோன்றல்களைப் பெறுகிறார். மக்கள் அவரைத் தெய்வமெனக் கொள்கின்றனர். தெய்வம் அவர்களைக் காட்டிக் கொடுத்ததாகப் பழங்கதை கூறுவதால், அச்செயலை அவரே செய்ய வேண்டியவராகிறார். ஆய்வாளர் தாம் ஆயும் பொருளுக்குப் புறத்தே நிற்க இயலுமா என்னும் வினா, களப்பணி செய்வோர் அனைவர்க்கும் உரியது.

5. முடிவுரை

இக்கதைகளில் காவலரின் பகை குற்றவாளி மட்டுமன்று, அவர்தம் இரக்கமுமாகும். சட்டத்தைக் காப்பவர் அதன் விலையை முழுதுணர்ந்து காக்க வேண்டும் என்பதே இவ்வகை இலக்கியம் உணர்த்தும் அறமாகும்.