சுழலாத மேடை: டூர் நாடகம் ஒரிஜினலுக்குச் சமமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்குது. நம்ம நேயர் ஒருத்தங்க அனுப்பினது. 2012-ல லண்டன்ல படிச்சுக்கிட்டிருந்தப்ப, 'லே மிஸரபிள்' மியூசிக்கலை இருக்கறதுலயே மலிவான டிக்கெட் எடுத்து, உச்சி பால்கனில உக்காந்து பார்த்திருக்காங்க. கதையை விட அவங்க மனசுல நின்னது அந்த மேடை. மேடையோட தரையே சுத்தும். ஊருக்கு ஃபோன் பண்றப்பெல்லாம் அம்மாகிட்ட இதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்களாம். பல வருஷம் கழிச்சு, வேலைக்குப் போய்க் காசு சேர்த்து, அம்மாவை லண்டனுக்கே கூட்டிக்கிட்டுப் போய் அதே நாடகத்துக்கு நல்ல சீட்டா எடுத்து உக்கார வெச்சிருக்காங்க. மேடை ஒரு தடவை கூட சுத்தல.

அவங்க கேள்வி இதுதான்: "டூர்ல போற நாடகம் ஒரிஜினல் மாதிரி இருக்காதுன்னு சொல்வாங்க, சரி. ஆனா நான் போனது லண்டனுக்கு. அங்கேயே எப்படி டூர் செட் போடுவாங்க?"

நல்ல கேள்வி. பதில்: ஆமா, நீங்க பார்த்தது டூருக்காக உருவான மேடையாக்கம்தான். இது எப்படி நடந்துச்சுன்னு பார்க்கலாம்.

முதல்ல கதை. விக்டர் ஹியூகோ நாவல் நமக்குப் புதுசில்ல. சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு'ன்னு தமிழாக்கினார். அதே பேர்ல 1950-ல நாகையா நடிச்ச படம் வந்துச்சு. அதுல போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜாவரா நடிச்ச சீதாராமன், கடைசி வரைக்கும் 'ஜாவர்' சீதாராமனாவே இருந்துட்டார். அதனால இந்த எபிசோட்லயும் நான் ஜாவர்னே சொல்றேன், பிரெஞ்சு உச்சரிப்புக்காரங்க மன்னிக்கணும்.

இப்ப 'ஒரிஜினல்'ங்கற வார்த்தை. இங்கேயே முதல் சிக்கல். இந்த மியூசிக்கல் முதல்ல மேடை ஏறினது 1980-ல, பாரிஸ்ல, பிரெஞ்சுல. அந்த மேடையாக்கத்தை ஒரிஜினல்னு இன்னைக்கு யாரும் சொல்றதில்ல. எல்லாரும் ஒரிஜினல்னு சொல்றது 1985 அக்டோபர்ல லண்டன் பார்பிகன் அரங்கத்துல வந்த ஆங்கில வடிவத்தைத்தான். இயக்கம் ட்ரெவர் நன், ஜான் கேர்ட். மேடை வடிவமைப்பு ஜான் நேப்பியர். தயாரிப்பாளர் கேமரூன் மெக்கின்டாஷ், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியோட சேர்ந்து பண்ணினார்.

நேப்பியர் பண்ணினது என்னன்னா, மேடை நடுவுல ஒரு பெரிய வட்டம். அது சுத்தும். கதை ஏறக்குறைய இருபது வருஷம் ஓடுது, ஊர் மாறுது, ஆள் ஓடிக்கிட்டே இருக்கான். வால்ஜான் நடக்கறான், தரை அவனுக்கு எதிர்த் திசையில நகருது, அவ்வளவுதான், வருஷங்கள் போயிடுச்சு. திரையை இறக்கி செட் மாத்த வேண்டியதே இல்ல.

ஆனா அந்த வட்டத்தோட நிஜ வேலை ரெண்டாவது பாதியில. பாரிஸ் தெருவுல மாணவர்கள் தடுப்புச் சுவர் கட்டறாங்க. நாற்காலி, வண்டிச் சக்கரம், மரச்சாமான் எல்லாம் குவிச்ச ஒரு மலை. ரெண்டு பக்கத்துல இருந்தும் ரெண்டு பிரம்மாண்டமான துண்டு நகர்ந்து வந்து, சாய்ஞ்சு, ஒண்ணா சேரும். கவ்ரோஷ்னு ஒரு தெருப் பையன், தோட்டா தீர்ந்து போச்சுன்னு சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கறான். மேடை சுத்துது. இப்ப நாம சுவரோட வெளிப்பக்கத்தைப் பார்க்கறோம். செத்துக் கிடக்கறவங்க பைகள்ல அந்தப் பையன் தோட்டா பொறுக்கறதும், சுடப்படறதும் நம்ம கண் முன்னாடி நடக்குது. அப்புறம் சண்டை முடியுது, ஒரு சத்தமும் இல்ல, மேடை மறுபடி மெதுவா சுத்துது. மாணவர் தலைவன் ஆஞ்சோல்ராஸ் சிவப்புக் கொடி மேல தலைகீழாத் தொங்கிக்கிட்டு இருக்கான். வசனம் கிடையாது. நம்ம நேயர் மறக்காம வெச்சிருந்தது இந்த நிமிஷமாத்தான் இருக்கும்னு நினைக்கறேன்.

சரி, இப்படி ஒரு மேடையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போக முடியுமா? முடியாதுன்னு சொல்லிட்டா எபிசோட் இங்கேயே முடிஞ்சிடும். ஆனா முடிஞ்சிருக்கு. அமெரிக்காவுல 1988-ல கிளம்பின ஒரு டூர், அந்தச் சுழல் மேடையோடயே 2006 வரைக்கும் ஊர் சுத்திக்கிட்டிருந்துச்சு. பதினேழு வருஷத்துக்கு மேல! அதனால 'டூர்னா குறைச்சல்'ங்கறது விதி கிடையாது.

ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. ஒவ்வொரு ஊர் அரங்கத்துலயும் தரையை வெட்ட விடமாட்டாங்க. அதனால டூர் கம்பெனி தன்னோட சொந்தத் தரையையே லாரியில கொண்டு வரும். வட்டம், மோட்டார் எல்லாம் அந்தத் தரைக்குள்ளேயே இருக்கும். அதைத் துண்டு துண்டா இறக்கி, அரங்கத்தோட தரை மேல அடுக்கி, மட்டம் பார்த்து, பூட்டணும். அதுக்கப்புறம்தான் லைட், செட், சவுண்ட். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு ஊர்ல கடைசி ஷோ முடியும், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடுத்த ஊர்ல முதல் ஷோ. அமெரிக்க டூர்கள்ல இது சாதாரணம். நடுவுல இருக்கற நேரத்துலதான் இவ்வளவும். தரை இறக்கறதுக்கு ஆகற ஒவ்வொரு மணி நேரமும் உள்ளூர் தொழிலாளிகளுக்குக் கூலி. மேடையோட அகலம், உயரம், பக்கவாட்டு இடம் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். வழியில இருக்கற மிகச் சின்ன அரங்கத்துக்குள்ள எது அடங்குமோ அதைத்தான் எல்லா ஊருக்கும் கொண்டு போக முடியும்.

இந்தக் கணக்கோடதான் 2009-க்கு வரணும். நாடகத்தோட 25-வது வருஷத்துக்காக மெக்கின்டாஷ் ஒரு புது டூர் ஆரம்பிச்சார். வேல்ஸ்ல கார்டிஃப் நகரத்துல தொடக்கம். இயக்கம் லாரன்ஸ் கானர், ஜேம்ஸ் பவல். வடிவமைப்பு மேட் கின்லி. பாட்டு அதே, கதை அதே. சுழல் மேடை இல்ல. அதுக்குப் பதிலா பின்னாடி பெரிய ப்ரொஜெக்ஷன்கள். அந்தப் படங்களுக்கு மூலம் ஹியூகோவே வரைஞ்ச ஓவியங்கள். அவர் எழுத்தாளர் மட்டுமில்ல, மையைக் கரைச்சு ஊத்தி இருட்டு இருட்டா வரைவார், ஏறக்குறைய 4,000 ஓவியம் மிஞ்சியிருக்கு.

செலவுக்காக மட்டும் மாத்தினாங்கன்னு சொன்னா அது நியாயமில்ல. சில இடம் புதுசுல நிஜமாவே நல்லா இருக்கு. வால்ஜான் அடிபட்ட பையனைத் தோள்ல தூக்கிக்கிட்டு பாரிஸ் சாக்கடைச் சுரங்கத்துல போற காட்சி. பழசுல அது இருட்டும் வெளிச்சக் கீற்றும் மட்டும்தான். புதுசுல சுரங்கமே அவங்களைச் சுத்தி நகருது. ஜாவர் பாலத்துல இருந்து குதிக்கற காட்சியில, பழசுல பாலம் மேல ஏறிப் போயிடும், ஆள் விழற மாதிரி தெரியும். அது எளிமையான வித்தை, அருமையான வித்தை. புதுசுல தண்ணி நம்மை நோக்கிப் பாயற மாதிரி ப்ரொஜெக்ஷன். எனக்குப் பழசுதான் பிடிக்கும், ஆனா இது ரசனை, சண்டை போட மாட்டேன்.

சண்டை போட வேண்டிய இடம் வேற. மேடை சுத்தலைன்னா சுவரோட அந்தப் பக்கத்தைக் காட்ட முடியாது. அதனால புதுசுல கவ்ரோஷ் சுவரைத் தாண்டி இறங்கினதும் நம்ம கண்ணுல இருந்து மறைஞ்சிடறான். குரல் மட்டும் கேக்குது. துப்பாக்கிச் சத்தம் கேக்குது. நாமளும் மாணவர்களோட இந்தப் பக்கமே காத்திருக்கோம். இதுவும் பலமான காட்சிதான், சிலர் இதுதான் கொடுமைன்னு சொல்றாங்க. ஆனா இது வேற காட்சி. முன்னாடி, அந்தப் பையன் சாகறதை நாம மட்டும் முழுசாப் பார்த்தோம், எதுவும் செய்ய முடியாம. இப்ப நமக்கும் தெரியறதில்ல. ஆஞ்சோல்ராஸ் கொடி மேல தொங்கற அந்த நிமிஷமும் போயிடுச்சு. அவன் உடலை ஒரு கைவண்டியில கொண்டு வர்றாங்க. நான் இழப்புன்னு சொல்றது இதைத்தான். ஒரு மெஷினை எடுத்தப்ப, கதையை எந்தப் பக்கம் நின்னு பார்க்கறோம்ங்கறதும் கூடவே போயிடுச்சு.

அப்புறம் நடந்ததுதான் நேயரோட கேள்விக்குப் பதில். 2010-ல ஒரு வேடிக்கை. அந்த டூர் பார்பிகனுக்கே வந்துச்சு. பழைய மேடையாக்கம் குவீன்ஸ் தியேட்டர்ல ஓடிக்கிட்டிருந்துச்சு. அக்டோபர்ல ஓ2 அரங்கத்துல 25-வது ஆண்டு கச்சேரி. ஒரே ஊர்ல ஒரே நேரத்துல மூணு 'லே மிஸரபிள்'. எது ஒரிஜினல்னு அன்னைக்கு யாருக்கும் குழப்பம் இல்ல, சுத்தறதுதான் ஒரிஜினல். 2014-ல பிராட்வேக்கு நாடகம் திரும்பி வந்தப்ப வந்தது டூர் வடிவம். 2019 ஜூலையில லண்டன்ல பழைய மேடையாக்கத்தோட கடைசி ஷோ. தியேட்டரைப் புதுப்பிச்சாங்க, சோண்ட்ஹைம் தியேட்டர்னு பேர் மாத்தினாங்க, டிசம்பர்ல திறந்தப்ப உள்ள இருந்தது டூர்ல பிறந்த வடிவம். நம்ம நேயரும் அம்மாவும் பார்த்தது அதைத்தான்.

பழசு மட்டும் மாறாம நின்னுச்சான்னா அதுவும் இல்ல. பிராட்வேல முதல்ல ஓடினப்பவே, மூணு மணி நேரத்தைத் தாண்டினா ஓவர்டைம் சம்பளம் தரணும்னு, நடுவுல நடுவுல வரிகளைக் கத்தரிச்சாங்க. அதே செட், ஆனா 1987-ல பார்த்தவங்களும் 2002-ல பார்த்தவங்களும் அச்சு அசலா ஒண்ணைப் பார்க்கல.

இது இந்த ஒரு நாடகத்துக் கதை மட்டுமில்ல. 'ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா' லண்டன்ல 2020-ல நின்னு 2021-ல திரும்பினப்ப, ஆர்கெஸ்ட்ரா 27 பேர்ல இருந்து 14 ஆயிடுச்சு. போஸ்டர்ல அதே முகமூடிதான். நம்ம பக்கமும் இப்ப பெரிய டூர்கள் வர ஆரம்பிச்சிடுச்சு, 2023-ல மும்பைக்கு 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' வந்துச்சு. நம்மள்ல நிறைய பேருக்கு டூர்தான் முதல் தடவையும் கடைசித் தடவையும். அதனால டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. நடிகர் பேரை விடுங்க, இயக்குநர் பேரும் மேடை வடிவமைப்பாளர் பேரும் பாருங்க. ஒரிஜினல் பேர்களே இருந்தா அது நகல் தயாரிப்பு, கொஞ்சம் சுருங்கியிருக்கலாம், அடிப்படை அதே. வேற பேர் இருந்தா அது புது மேடையாக்கம். யூடியூப்ல பார்த்த பழைய காட்சியை எதிர்பார்த்துப் போகாதீங்க. புதுசா ஒண்ணைப் பார்க்கப் போறோம்னு போங்க. ஊர் எதுன்னு பார்த்து எதையும் முடிவு பண்ண முடியாது, லண்டன்னாலும் சரி.

நேயருக்கு ஒண்ணு. உங்களை யாரும் ஏமாத்தல, வலைத்தளத்துல வடிவமைப்பாளர் பேர் போட்டுத்தான் இருக்கு. ஆனா நீங்க அம்மாகிட்ட சொன்ன கதையும் பொய்யில்ல. அந்த மேடை இருந்துச்சு, சுத்துச்சு, நீங்க பார்த்தீங்க. அம்மா நம்பலைன்னா இந்த எபிசோடைப் போட்டுக் காட்டுங்க. அப்புறம், அம்மாவுக்கு நாடகம் பிடிச்சுதான்னு நீங்க சொல்லவே இல்லையே? அடுத்த வாய்ஸ் நோட்ல சொல்லுங்க.