முட்டைக்குக் கொடுத்த காசு எந்தப் பண்ணைக்குப் போனது?

கிள்ளானில் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதியே என் காலம் போனது. பணம் வெளியே போனால், வாங்கியவர் பெயர் வவுச்சரில் இருக்க வேண்டும். முட்டைக்கு மலேசிய அரசாங்கம் கொடுத்த உதவித்தொகையையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

2022 பிப்ரவரியில் கோழிக்கும் முட்டைக்கும் இந்தத் தொகை தொடங்கியது. தீவனச் சோளமும் சோயாவும் வெளிநாட்டிலிருந்து வருபவை. அவற்றின் விலை ஏறியதால் பண்ணைகள் திணறின. கோழிக்கான தொகை 2023 நவம்பர் 1ஆம் தேதி நின்றது. முட்டைக்கு அது தொடர்ந்து, பின்னாளில் ஒன்றுக்கு 10 காசு என்றானது. 2024 ஜூனில் தீபகற்பத்தில் ஏ ரக முட்டையின் உச்சவிலை 42 காசு. 2025 மே மாதம் உச்சவிலையை நீக்கித் தொகையை 5 காசாக்கினார்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி அதுவும் நின்றது.

“ஏண்ணே, முட்டைக்கு இவ்வளவு கொடுத்தாங்களே, யாருக்குப் போச்சு?” என்று பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஓர் அக்கா என்னைக் கேட்டார். பண்ணைக்குப் போனது, உங்களுக்கு விலை குறைவாக வந்தது என்றேன். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தொகை எண்ணிக்கைப்படி போனது. நாளுக்கு ஆயிரம் முட்டை விற்றவருக்கு 100 வெள்ளி. ஒரு மில்லியன் விற்ற நிறுவனத்துக்கு ஒரே நாளில் 100,000 வெள்ளி. யாருக்கு எவ்வளவு என்று பண்ணைவாரியாகச் சொல்லும் பட்டியல் எதையும் நான் பார்த்ததில்லை.

பங்குச் சந்தையில் உள்ள முட்டை நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைகளில் இந்தத் தொகை பற்றிய பேச்சு வந்தது. அரசு மானியத்தைக் கணக்கில் தெரிவிக்க எம்எஃப்ஆர்எஸ் 120 என்ற கணக்கியல் விதியே இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் பலவற்றின் கணக்கை, நிறுவனங்களைப் பதியும் எஸ்எஸ்எம் ஆணையத்தில் கட்டணம் கட்டி ஒவ்வொன்றாக வாங்கலாம். ஆனால் எந்த நிறுவனத்தைத் தேடுவது என்று முதலில் தெரிய வேண்டுமே! பங்கு வாங்கியவர் அறிவதை, வரி கட்டியவரும் அறிய வேண்டாமா?

சிலாங்கூர் 2011இல் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியது நல்ல காரியம். அது மாநில அலுவலகங்களுக்கு மட்டும்தான். முட்டைப் பணமோ கூட்டரசுப் பணம். அங்கே 1972ஆம் ஆண்டு அரசு ரகசியச் சட்டம் இன்னும் இருக்கிறது.

பெயரை வெளியிட்டால் தனியுரிமை கெடும் என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வழக்கைப் பார்த்துவிட்டது. விவசாய மானியம் பெற்ற தனிநபர்கள் எல்லாருடைய பெயரையும் வரம்பின்றி வெளியிடுவது தவறு என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனங்களுக்கு அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. பிறகு சிறு தொகை பெறுவோர் பெயரை மறைத்து, மற்றவர்களுடையதை வெளியிடும் விதி வந்தது.

இந்தியாவில் விவசாயிகளுக்கான பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய்தான், அதற்கே கிராமவாரியாகப் பயனாளிப் பட்டியல் உண்டு. அப்படியும் 2020இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் தகுதியில்லாதவர்கள் லட்சக்கணக்கில் உள்ளே புகுந்தது அம்பலமானது. பட்டியல் மட்டும் திருட்டைத் தடுக்காது என்பது உண்மை. ஆனால் பட்டியலே இல்லாத இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரால் சந்தேகம்கூடக் கேட்க முடியாது.

முட்டைத் தொகை நின்றுவிட்டது. கொடுத்ததற்குக் கணக்குச் சொல்லும் கடமை நிற்கவில்லை. 2022 முதல் 2025 வரை பண்ணைப் பெயர், முட்டை எண்ணிக்கை, தொகை ஆகிய மூன்றையும் வெளியிடட்டும். நெல்லுக்கான விலை மானியம் இன்றும் போகிறது. அதற்கும் இதே போல் பட்டியல் வேண்டும்; அதில் செகிஞ்சான் சிறு விவசாயியின் பெயரை மறைத்து, வட்டாரக் கூட்டுத்தொகையைச் சொன்னால் போதும்.