இரண்டு திருமணம், ஒரு வழக்கு: சீனக் கவிஞர் லீ சிங்சாவின் கதை



சுமார் 900 வருஷத்துக்கு முன்னாடி சீனாவில் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறோம். அவர் பெயர் லீ சிங்சாவ். 1084-ல் பிறந்தவர். அப்பா படித்த அதிகாரி, மகளையும் நன்றாகப் படிக்க வைத்தார். தெரிந்த மெட்டுக்குப் புது வார்த்தை போட்டுப் பாட்டுக் கட்டுவது அங்கே ஒரு பெரிய கலை. அதில் சீனாவின் தலைசிறந்த கவிஞர்களில் ஒருவராக இன்றைக்கும் அவரைச் சொல்கிறார்கள்.

1101-ல் அவருக்குத் திருமணம். அவர்கள் கணக்குப்படி பெண்ணுக்கு 18 வயசு, மாப்பிள்ளைக்கு 21. மாப்பிள்ளை சாவ் மிங்செங் தலைநகர் கைஃபெங்கில் மாணவர். பழைய கல்வெட்டுப் படிகள் சேர்ப்பதில் இருவருக்கும் ஒரே ஆசை. கையில் காசு இருக்காது. மாதம் இரண்டு நாள் விடுமுறை கிடைக்கும்போது துணியை அடகு வைத்து 500 காசு வாங்கி, கோயில் சந்தையில் கல்வெட்டுப் படியும் கொஞ்சம் பழமும் வாங்கி வருவார் கணவர். பழத்தைத் தின்றுகொண்டே இருவரும் உட்கார்ந்து பார்ப்பார்களாம்.

பிறகு சிங்சோ ஊரில் இருந்தபோது, சாப்பாடு முடிந்ததும் ஒரு விளையாட்டு. இந்தச் செய்தி எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது என்று சரியாகச் சொல்பவருக்கு முதல் தேநீர். ஜெயித்த சிரிப்பில் தேநீர் மடியில் கொட்டிப் போகும் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. 1127-ல் வடக்கிலிருந்து வந்த படை கைஃபெங்கைப் பிடித்தது. 15 வண்டிப் புத்தகங்களோடு தெற்கே கிளம்பினார்கள். ஊரில் விட்டுவந்தது எரிந்து போனது. 1129-ல் கணவர் நோயில் இறந்தார். போர் துரத்த, ஊர் ஊராகப் போனார் லீ. கொண்டுவந்த சேகரிப்பும் போரிலும் திருட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

1132-ல் ஹாங்சோவில் படுத்த படுக்கை. அந்த நேரம் சாங் ரூசோ என்ற அதிகாரி வந்தார். இனிக்க இனிக்கப் பேசினார். தம்பியும் நம்பினார், திருமணம் நடந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஆளுக்குக் கண் மிச்சமிருந்த பழம்பொருட்கள் மேல் என்று. லீ கொடுக்கவில்லை. தினம் அடி, உதை.

இங்கேதான் சகோதரிகளே, கவனிக்க வேண்டும். அந்தக் காலச் சட்டப்படி கணவன் மேல் புகார் கொடுக்கும் மனைவிக்கு, புகார் உண்மையாகவே இருந்தாலும், இரண்டு வருஷம் தண்டனை. அது தெரிந்தும் அவர் போனார். சாங் எத்தனை தடவை பரீட்சை எழுதினார் என்பதில் பொய்க் கணக்குக் காட்டி உத்தியோகம் வாங்கியதைக் கண்டுபிடித்துப் புகார் கொடுத்தார். விசாரணையில் உண்மை என்று தெரிந்தது. சாங் பதவி இழந்து தூர தேசத்துக்கு அனுப்பப்பட்டார். நூறு நாள்கூட ஆகாத அந்தத் திருமணம் முறிந்தது. லீயும் சிறைக்குப் போனார். உறவினரான ஒரு பெரிய அதிகாரி உதவியதால் ஒன்பதே நாளில் வெளியே வந்தார். அவருக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

ஊர் பேசத்தான் செய்தது. அவர் ஒடுங்கிப் போகவில்லை. முதல் கணவர் தொகுத்த கல்வெட்டு நூலுக்குப் பின்னுரை எழுதினார். சந்தையையும் தேநீர் விளையாட்டையும் நாம் அறிவது அதனால்தான்.

பல நூறு வருஷம் கழித்து வந்த சில அறிஞர்கள், "இவ்வளவு பெரிய கவிஞர் மறுமணம் செய்திருக்க மாட்டார், அந்தக் கடிதமே பொய்" என்று வாதாடினார்கள். விதவை மறுமணம் செய்வதைக் களங்கமாக நினைத்த காலம் அது. இன்றைக்கு ஆய்வாளர்கள் பெரும்பாலும் மறுமணம் நடந்தது என்றே ஏற்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். அவருடைய பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவர் செய்த துணிச்சலான காரியத்தையே மறைக்கப் பார்த்தார்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டிப் பேசுங்கள்: மானம் போவது அடி வாங்கியவளுக்கா, அடித்தவனுக்கா?