வெட்டு ஒன்று, துண்டு இரண்டு

உங்கள் வீட்டில் செம்பருத்திச் செடி இருக்கிறதா? அதில் பென்சில் பருமனுள்ள ஒரு கிளையைக் கையால் ஒடித்துப் பாருங்கள். முருங்கைக் கிளையைப் போலப் ‘படக்’கென்று ஒடியாது. வளையும், திருகினால் நசுங்கும், பிடித்து இழுத்தால் பட்டை நாராக உரிந்துகொண்டு கீழே வரை வரும். அதே பருமனுள்ள இன்னொரு கிளையைக் கூரான கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். இரண்டிலும் அடையாளத்துக்கு நூல் கட்டிவிட்டு, மூன்று வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். வெட்டிய கிளையில், வெட்டுக்குச் சற்றுக் கீழே புதிய துளிர்கள் எட்டிப் பார்க்கும். ஒடித்த கிளையோ பெரும்பாலும் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகியிருக்கும்.

செடி ஒன்றுதான், இழந்த கிளையின் அளவும் ஒன்றுதான். காயம்தான் வேறு.

தண்டின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்ற மெல்லிய உயிர்ப்படலம் இருப்பதை உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். தண்டு பருப்பது அதனால்தான். வெட்டின் விளிம்பில் புதுத் திசு வளர்ந்து காயத்தை மூடுவதும் பெரும்பாலும் அதன் வேலையே. விளிம்பு சீராக இருந்தால் மூடுவது எளிது. பட்டை கிழிந்தோ நசுங்கியோ போனால், கேம்பியம் அந்த அளவுக்கு உள்ளே தள்ளிச் சாகிறது. செத்த திசு பூஞ்சைகளுக்கு விருந்து.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். நம் விரலில் பட்ட வெட்டுக்காயம் ஆறுகிறது. பழுதான இடத்திலேயே புதிய செல்கள் உண்டாகின்றன. மரத்தின் காயம் அப்படி ஆறுவதே இல்லை! அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ என்ற அறிஞர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, 1977இல் இதை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். காயம்பட்ட பகுதியை மரம் சரிசெய்வதில்லை. அதைச் சுற்றி வேதிப்பொருள்களாலும் புதிய கட்டையாலும் சுவர் எழுப்பி, உள்ளேயே அடைத்துவிடுகிறது. பழைய காயம் மரத்தின் ஆயுள் முழுதும் உள்ளே கிடக்கும். ஆகவே ‘எப்படியோ வெட்டுவோம், செடி பார்த்துக்கொள்ளும்’ என்று இருக்க முடியாது. சிறிய காயம் என்றால் சிறிய சுவர், பெரிய காயம் என்றால் பெரிய சுவர். அதற்கான செலவு செடியுடையது.

இப்படிச் செடிகளை அளவறிந்து வெட்டுவதற்குத் தமிழில் கவாத்து என்று பெயர். போலீஸ் கவாத்துக்கும் இதே சொல்தான்! நீலகிரியிலும் வால்பாறையிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடிகளைக் கவாத்துச் செய்வதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற கருவி கவாத்துக் கத்தரி. கடையில் ‘செக்கேட்டர்’ என்றோ ‘புரூனர்’ என்றோ கேட்டால் எடுத்துத் தருவார்கள். இதை வடிவமைத்தவர் என்று பிரெஞ்சுப் பிரபு பெர்த்ரான் தெ மோல்வில்லைக் குறிப்பிடுவார்கள். மன்னர் 16ஆம் லூயியிடம் கடற்படை அமைச்சராக இருந்தவர்! அதுவரை வளைந்த கத்தியால்தான் திராட்சைக் கொடிகளைக் கழித்துவந்தார்கள்.

கடைக்காரர் இரண்டு வகைகளைக் காட்டுவார். ஒன்றில் கூரான அலகு ஒன்றும், கொக்கி போல வளைந்த மொண்ணை அலகு ஒன்றும் இருக்கும். வெட்டும்போது ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடந்து செல்லும். இது ‘பைபாஸ்’ வகை. மற்றதில் ஒரே கத்தி அலகு. அது தட்டையான ஓர் உலோகப் பட்டையின் மேல் வந்து இறங்கும். காய்கறிப் பலகையின் மேல் கத்தி இறங்குவதைப் போல. இதற்கு ‘ஆன்வில்’ என்று பெயர். கொல்லர் பட்டறையில் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்.

எதை வாங்குவது? பச்சைக் கிளைக்கு பைபாஸ், காய்ந்த குச்சிக்கு ஆன்வில். ஆன்வில் கத்தரியில் கிளை கத்திக்கும் பட்டைக்கும் நடுவே மாட்டி நசுங்கும். காய்ந்த குச்சி நசுங்கினால் யாருக்கு நட்டம்? பச்சைக் கிளையில் அந்த நசுங்கல் கேம்பியத்தில் விழுகிறது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் பைபாஸ் வாங்குங்கள்.

பைபாஸ் கத்தரியிலும் ஒரு நுட்பம் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. கொக்கி அலகு கிளையைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆகவே அது படும் பக்கம் சிறிது நசுங்கத்தான் செய்யும். கத்தி அலகு படும் பக்கமோ மழமழவென்று இருக்கும். எனவே கத்தி அலகு செடியில் நிற்கப் போகும் பகுதியை ஒட்டியும், கொக்கி எறியப் போகும் துண்டின் பக்கமாகவும் இருக்கும்படி கத்தரியைப் பிடிக்க வேண்டும். தவறாகப் பிடித்திருந்தால் கையைத் திருப்பினால் போதும்.

இனி, கொஞ்சம் இயற்பியல். கத்தரி ஒரு முதல்வகை நெம்புகோல். திருகாணி இருக்கும் இடம் ஆதாரம், உங்கள் விரல்கள் தருவது திறன், கிளை தருவது தடை. விரல்கள் ஆதாரத்திலிருந்து 12 செ.மீ. தொலைவிலும், கிளை 3 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். எந்திர லாபம் 12/3, அதாவது 4. நீங்கள் 10 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் அழுத்தினால் கிளையின்மேல் 40 கிலோகிராம் எடை இறங்கும். கிளையை இன்னும் உள்ளே தள்ளி 1.5 செ.மீ. தொலைவில் வைத்தால்? லாபம் 8, விசை 80! அலகின் நுனியால் கிள்ளிக் கிள்ளி வெட்டுபவர் கை வலிக்கிறது என்று புலம்புவதில் வியப்பில்லை.

ஆனாலும் இதற்கு ஓர் எல்லை உண்டு. கிளையின் விட்டம் 1 செ.மீட்டரிலிருந்து 2 செ.மீ. ஆனால் வெட்டுப்பரப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. உங்கள் கட்டைவிரலைவிடத் தடித்த கிளையைக் கத்தரியிடம் கொடுக்காதீர்கள். அதற்குக் கைவாள் இருக்கிறது. வெட்டுப்படாத கிளையை, கத்தரியை அப்படியும் இப்படியும் திருகி அறுப்பது எல்லாவற்றிலும் மோசம். அலகுகள் விலகிவிடும், பிறகு அந்தக் கத்தரி வெட்டாது, மெல்லும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். செய்தித்தாளின் ஒற்றைத் தாளை அலகின் நுனியால் வெட்டிப் பாருங்கள். தாள் மடிந்து இடையில் சிக்கிக்கொண்டால் அலகுகளுக்கிடையே இடைவெளி இருக்கிறது. நடுவில் இருப்பது கழற்றி மாட்டக்கூடிய திருகாணியா, அடித்து இறுக்கிய ஆணியா என்று பாருங்கள். திருகாணிதான் வேண்டும். காரணம் பின்னால் வரும். கத்தரியை முழுதாக விரித்தபோது இரு கைப்பிடிகளும் உங்கள் கைக்குள் அடங்க வேண்டும். அப்பாவின் கைக்கு ஏற்றது உங்கள் கைக்குப் பெரிதாக இருக்கலாம். நீங்கள் இடக்கைப் பழக்கமுள்ளவரானால், எதிர்ப்புறமாக அமைத்த கத்தரிகளும் உண்டு. விலை சற்று அதிகம்.

சாந்தோமில் குடியிருப்பவருக்கு மேலும் ஒரு கவலை இருக்கிறது. தேவாலயக் கோபுரத்துக்குப் பின்னாலேயே கடல். அலை உடையும்போது தெறிக்கும் நுண்திவலைகள் காற்றில் உலர்ந்து, உப்புத் துகள்களாக மாடித் தோட்டங்களில் படிகின்றன. ஜன்னல் கம்பியும் சைக்கிள் சங்கிலியும் அங்கே சீக்கிரம் துருப்பிடிப்பது எல்லாரும் அறிந்ததே. ஆனால் மழையே பெய்யாத மே மாதத்திலும் துருப்பிடிக்கிறதே, அது எப்படி?

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீர்த்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும்! ஆக, பார்வைக்கு உலர்ந்திருக்கும் கத்தரியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டேயிருக்கும். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் வினை விரைகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்களின் கடலோர அரிப்பை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால், இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று பாருங்கள்.

‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கிவிட்டால் தீர்ந்தது’ என்று எண்ண வேண்டாம். அதிலுள்ள குரோமியம் மெல்லிய ஆக்சைடு கவசமாக நின்று காக்கிறது. ஆனால் குளோரைடு அந்தக் கவசத்தையும் ஆங்காங்கே துளைத்துப் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். கார்பன் எஃகு எளிதில் துருப்பிடிக்கும், ஆனால் எளிதில் கூராகும். எதுவானாலும், வேலை முடிந்ததும் அலகை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பைத் துணியால் துடைத்தால் போகாது, நீரில் கரைந்துதான் போக வேண்டும். பிறகு ஈரம் போகத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை திருகாணியைக் கழற்றி உள்ளேயும் இதைச் செய்ய வேண்டும். உப்பு அதிகம் தங்குவது அந்த இடுக்கில்தான். ஆணி அடித்த கத்தரியில் இதற்கு வழியில்லை.

கூர் மழுங்கினால் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாம். ஆனால் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்! கத்தி அலகுக்கு ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் தட்டை. அந்தத் தட்டைப் பக்கம் கொக்கியோடு ஒட்டி உரசினால்தான் வெட்டு விழும். அதையும் சரிவாகத் தீட்டிவிட்டால் இடைவெளி நிரந்தரம். சாணைக்கல்லில் அதிகம் அழுத்தினால் விளிம்பு நீலநிறமாக மாறும். அங்கே வெப்பம் 300 டிகிரி செல்சியஸ் அளவை எட்டி, எஃகு தன் கடினத்தை இழக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சிறு அரமோ தீட்டுக்கல்லோ வாங்கி நீங்களே தீட்டுவது உத்தமம்.

இனி எங்கே வெட்டுவது? இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் கோண மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். அதைத் தூங்க வைத்திருப்பது கிளையின் நுனி. நுனியில் உண்டாகும் ஆக்சின் பக்க மொட்டுகளை அடக்குவதை 1930களில் திமன், ஸ்கூக் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற இன்னொரு ஹார்மோனுக்கும் இதில் பங்குண்டு என்று 2008இல் தெரியவந்தது. நுனி போனதும் மொட்டு விழிக்கிறது. எனவே வெளிப்புறம் பார்த்திருக்கும் ஒரு மொட்டுக்கு அரை செ.மீ. மேலே வெட்டுங்கள். மிகவும் உயரே வெட்டினால் எஞ்சிய குச்சி காய்ந்து அழுகும். ஒட்ட வெட்டினால் மொட்டே உலர்ந்துவிடும். நீர் வடியச் சற்றுச் சாய்வு போதும். 60 டிகிரி சாய்த்தால் காயத்தின் பரப்பு இரண்டு மடங்கு ஆகிவிடும். கணக்கிட்டுப் பாருங்கள், cos 60° அரைதானே!

முழுக் கிளையையும் நீக்கும்போது, அடிமரத்தோடு சேரும் இடத்திலுள்ள சிறு புடைப்பை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். சுவர் எழுப்பும் ஏற்பாடு அந்தப் புடைப்பில்தான் இருக்கிறது. உங்கள் தெரு வேப்பமரத்தில் பழைய வெட்டுகளைத் தேடுங்கள். சுற்றிலும் வளையம் போலத் திசு புடைத்திருந்தால் சரியாக வெட்டியிருக்கிறார்கள். இரு பக்கமும் மட்டும் புடைத்து, மேலும் கீழும் பிளந்திருந்தால் ஒட்ட வெட்டியது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் முறித்த கிளைகளின் தழும்பு எங்காவது தென்பட்டால், கிழிந்த காயம் எப்படியிருக்கும் என்பதையும் அங்கே காணலாம்.

நோயுற்ற கிளையை வெட்டியபின் அலகை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த செடிக்குப் போக வேண்டும். ரோஜாவின் கருகல் நோய் கத்தரி வழியாகவும் பயணம் செய்யும். அரளியை வெட்டும்போது கையுறை அணியுங்கள், அதன் பால் நஞ்சு.

மாடியில் குண்டுமல்லி வளர்ப்பவர்கள் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டுக் கவாத்துச் செய்யலாம். மல்லிகை புதுக்கிளையில்தான் பூக்கும். கோடையில் மாட வீதிப் பூக்கடைக்குப் போகும் செலவு குறையும்.

கழித்த செம்பருத்திக் குச்சிகளை எறிந்துவிடாதீர்கள். பென்சில் பருமனில் 15 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி ஈரமணலில் நட்டால் வேர்விடும். நறுக்கும்போதே அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டி வையுங்கள். ஆக்சின் தண்டில் மேலிருந்து கீழாகவே செல்வதால் வேர் அடிமுனையில்தான் வரும். குவியலாகக் கிடக்கும் குச்சிகளில் எது தலை, எது கால் என்று பிறகு கண்டுபிடிப்பது கடினம்.