பிள்ளைகளின் தேகப்பயிற்சியில் நமது பங்கு

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். பிள்ளைகளின் படிப்பாகிய சித்திரத்தைப் பற்றி நாம் அல்லும் பகலும் கவலை கொள்கிறோம். உடலாகிய சுவரைப் பள்ளிக்கூடத்தார் பார்த்துக்கொள்வர் என்று சிலர் இருந்துவிடுகின்றனர். தறியிலும் வயலிலும் செய்யும் உதவியே போதிய பயிற்சி என்று வேறு சிலர் கருதுகின்றனர். இவ்விரண்டும் சரியல்ல என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறி. அந்நிறுவனத்தார் 2019இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வின்படி, 11 முதல் 17 வயதினருள் நூற்றுக்கு 81 பேர் போதிய அளவு இயங்குவதில்லை. ஆண்பிள்ளைகளில் இது 78, பெண்பிள்ளைகளில் 85.

தார் சுற்றும் சிறுமிக்குக் கை மட்டுமே உழைக்கிறது. களையெடுக்கும் சிறுவனுக்கு முதுகு வளைந்தே இருக்கிறது. ஓடுதல், தாவுதல், எறிதல் எல்லாம் சேர்ந்தால்தான் அங்கங்கள் ஒத்து வளரும். எலும்பின் உறுதியில் பெரும்பகுதி இளமையிலேயே சேர்கிறது. முதுமையில் அதனைச் செலவிடுகிறோம். சேமிப்பின் அருமையை நம் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

பள்ளியின் பங்கு

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டும் என்கிறது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தொடக்க வகுப்புகளுக்கு அவ்விதி இல்லை. ஆகவே சிறு பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியரே துணை. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். விளையாட்டு வேளையில் கணக்குப் பாடம் நடந்தால், அக்குழுவில் மரியாதையாகக் கேட்பது பெற்றோர் கடமை.

இல்லத்தின் பங்கு

மாலையில் அண்ணன் கபடிக்குப் போகிறான். தங்கை தண்ணீர்க் குடத்தோடும் கைக்குழந்தையோடும் நிற்கிறாள். வயதுக்கு வந்துவிட்டால் அவள் விளையாட்டு அடியோடு நின்றுவிடுகிறது. மேலே சொன்ன 85 என்னும் எண்ணுக்கு நம் வீடுகளிலும் இடம் இருக்கிறது. நாளில் ஒரு மணி நேரத்தை அவளுக்கு விட்டால் தறி நின்றுவிடாது. அண்ணனும் ஒரு குடம் சுமக்கலாம்.

ஊரின் பங்கு

தை 5ஆம் நாள் திருவண்ணாமலை அண்ணாமலையார் மணலூர்பேட்டைத் தென்பெண்ணையாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். பலர் கை கூடாமல் அத்திருவிழா நடவாது. அந்தக் கூட்டு முயற்சியில் சிறு பகுதி பிள்ளைகளின் விளையாட்டுக்குக் கிடைத்தால் போதும். பெண்களும் இளையோரும் கபடி ஆட 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள சமநிலமே தேவை. அறுவடை முடிந்த களத்தை ஒருவர் தரலாம். சிலம்பம் அறிந்த முதியவர் வாரம் ஒரு நாள் கற்பிக்கலாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலேயே சிலம்பம் இடம்பெற்றது.

ஆற்று மணலும் நல்ல ஆடுகளமே. ஆயினும், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்தபோது வந்த பெருவெள்ளத்தை ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். அணை திறக்கும் நாட்களில் ஆற்றில் இறங்கலாகாது. நீச்சலும் பெரியவர் துணையின்றிக் கூடாது.

சங்கத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. சமுதாய நலனில் அக்கறை என்பது 1995இல் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்ற கொள்கைகளுள் ஒன்று. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டி, ஊரார் தம் பொருளைப் பள்ளிகளுக்கு வழங்கினர். துணைவிதி இடந்தரும் அளவில் பந்துக்கும் கயிற்றுக்கும் சங்கம் உதவுவது அவ்வழியில் வந்ததே.

வரும் பொதுப் பேரவையில் மூன்று காரியங்களை முடிவு செய்யுமாறு வேண்டுகிறோம்: இடம் எது? வேளை எது? பிள்ளைகளோடு நிற்கும் பெரியவர் யார்? பங்குத்தொகை செலுத்தாமல் இலாப ஈவு கேட்பவர் நம் சங்கத்தில் இல்லை. பிள்ளைகளின் உடல்நலத்திலும் அவ்வாறே ஒவ்வொருவரும் தம் பங்கைச் செலுத்துவோமாக.